நம் பையைத் தூக்கிச் செல்வது யார்?
இணைய உலாவியை மாற்றுவதும் நமது பாதுகாப்பும்



இடம்பெயர்ந்த அனுபவமுள்ள எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். "அவசரமாக வீட்டைவிட்டு வெளியேறியபோது எதைக் கையில் எடுத்தீர்கள்?" என்றால், பிள்ளைகளுக்கு அடுத்ததாக அவர் சொல்வது ஒரு பையைத்தான். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காவின் பதிவு அல்லது விவாகப் பதிவு, காணி உறுதி, வங்கிப் புத்தகம், பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, கணவரின் ஒரேயொரு புகைப்படம். இவையெல்லாம் ஒரு பொலித்தீன் உறையில் சுற்றப்பட்டு அந்தப் பைக்குள் இருக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அந்தப் பையை இழந்தவர்கள், ஒவ்வொரு கடதாசியின் பிரதிக்காகவும் எத்தனை அலுவலகப் படிகள் ஏறி இறங்கினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இன்று அந்தப் பையின் பாதி நமது கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. 2022 ஜூலையில் எரிபொருள் அனுமதிப் பத்திரத்துக்காக அடையாள அட்டை இலக்கத்தை இணையத்தில் பதிந்தோம். அஸ்வெசும கொடுப்பனவுக்காகக் குடும்பத்தின் வருமானம், சொத்து, நோய் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார்கள். வெளிநாட்டிலுள்ள மகளின் கடவுச்சீட்டுப் பிரதி வட்ஸ்அப்பில் கிடக்கிறது. வங்கிக் கணக்கையும் தொலைபேசியிலேயே பார்க்கிறோம்.

இந்தப் புதிய பையைத் தூக்கிக்கொண்டு இணையத்துக்குள் நமக்காகப் போய்வருவது ஒரு மென்பொருள். அதனைத்தான் 'பிரவுசர்' என்றும் தமிழில் 'இணைய உலாவி' என்றும் சொல்கிறோம். அந்த உலாவி நம்பத்தகாததாக இருந்தால் என்ன நடக்கும்? அதனை எப்போது மாற்ற வேண்டும், எப்படி மாற்ற வேண்டும்? இதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். "இது படித்த பிள்ளைகளின் விடயம், நமக்கெதற்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் கண்ட அளவில், இதனால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் படிக்காத பெண்களே.

ஒரு ராத்தாவின் அனுபவம்

இறக்காமத்திலும் மாணிக்கமடுவிலும் உள்ள பெண்களோடு வேலை செய்யும்போது பழக்கமான ஒரு ராத்தா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1990ஆம் ஆண்டில் வயலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. நெல் அவித்தும் பாய் இழைத்தும் பிள்ளைகளை வளர்த்தார். ஒரு மகள் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார்.

2018ஆம் ஆண்டின் இறுதியில், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அனுப்புவதற்காகப் பழைய முறைப்பாட்டுப் பிரதிகளையெல்லாம் ஸ்கேன் செய்ய ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனார். மகள் முன்பே திறந்து கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரிக்குள் கடைக்காரத் தம்பியே நுழைந்து, கடிதங்களை ஏற்றி, அச்சடித்தும் கொடுத்தார். "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று உலாவி கேட்டபோது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அந்தத் தம்பி "ஆம்" என்பதை அழுத்தியிருக்கிறார். ராத்தா காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சில நாட்களுக்குப் பிறகு மகளுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. "அம்மாவுக்குக் கடும் சுகமில்லை, இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பு" என்று அதில் எழுதியிருந்தது. மகள் அனுப்பவில்லை. காரணம் ஒரேயொரு சொல். "எங்க உம்மா ஒருநாளும் தன்ன அம்மா என்டு எழுதமாட்டா" என்று அவர் பிறகு தொலைபேசியில் சொன்னார். எழுதியவருக்கு இந்த வீட்டுப் பேச்சு தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அந்த மகளின் இரண்டு மாதச் சம்பளம் போயிருக்கும்.

பணம் தப்பியது. ஆனால் மின்னஞ்சலில் இருந்த கடிதங்கள் சில அழிக்கப்பட்டிருந்தன. நல்லவேளையாக மூலப் பிரதிகள் அந்தப் பழைய பொலித்தீன் உறையில் பத்திரமாக இருந்தன. ராத்தா என்னிடம் கேட்டது பணத்தைப் பற்றியல்ல. "எவனோ ஒருத்தன் என்ட மனிசன்ட படத்தப் பாத்திருப்பான்தானே மகள்?" என்றுதான் கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விடயம் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனோம். அந்தக் கணினியில் இரண்டு கதவுகள் திறந்து கிடந்தன. ஒன்று, யார் வந்து உட்கார்ந்தாலும் திறக்கக்கூடியபடி பலரது கடவுச்சொற்கள் உலாவியில் சேமிக்கப்பட்டிருந்தன. இரண்டாவது, அந்த உலாவி பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. கடைக்காரத் தம்பி திருடன் அல்ல. அவருக்கும் இது தெரியாது. "நல்லாத்தானே வேல செய்யுது" என்றார்.

உலாவியில் ஓட்டை என்றால் என்ன?

உலாவி என்பது இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்ட ஒரு மென்பொருள். மனிதர் எழுதியது என்பதால் பிழைகள் இருக்கவே செய்யும். சில பிழைகள் சாதாரணமானவை. சில பிழைகளோ, நாம் பார்க்கும் இணையப் பக்கம் நமக்குத் தெரியாமலே நமது கணினிக்குள் வேறொரு மென்பொருளைப் போட்டுவிட இடமளிக்கின்றன. நாம் எதையும் அழுத்த வேண்டியதில்லை, பக்கத்தைத் திறந்தாலே போதும். அப்படி உள்ளே வந்த மென்பொருள், நாம் தட்டும் எழுத்துக்களையெல்லாம் குறித்துக்கொண்டு வேறோர் இடத்துக்கு அனுப்பிவிடக்கூடும்.

ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதும் உலாவியைத் தயாரித்த நிறுவனம் அதனை அடைத்து ஒரு திருத்தத்தை வெளியிடும். நமது தொலைபேசி "அப்டேட்" என்று கேட்பது பெரும்பாலும் இதற்காகத்தான். "டேட்டா போய்விடும்" என்று நாம் அதனை ஒதுக்கிவிடுகிறோம். ஓட்டை இருப்பது இப்போது உலகத்துக்கே தெரியும், நமது வீட்டில் மட்டும் அது அடைபடாமல் கிடக்கும். ஆகவே பழைய உலாவி என்பது பழைய சேலையைப் போன்றதல்ல. சேலை பழசானால் நிறம்தான் மங்கும். உலாவி பழசானால் அதன் ஓட்டை எங்கே என்று திருடனுக்குத் தெரிந்துவிடும்.

உலகம் கண்ட பாடம்

2000ஆம் ஆண்டுகளில் கணினியைத் தொட்டவர்களுக்கு நீல நிற 'ஈ' எழுத்துச் சின்னம் நினைவிருக்கும். அது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி. 1995இல் வெளிவந்தது. விண்டோஸோடு ஒட்டியே தரப்பட்டதால், இணையம் என்றாலே அந்த நீல எழுத்துத்தான் என்று பலரும் நம்பினார்கள். 2002, 2003 காலப்பகுதியில் உலகில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதனையே பயன்படுத்தினார்கள். எல்லோரும் ஒரே பூட்டைப் போட்டிருந்தால் திருடனுக்கு ஒரு திறப்பே போதும் அல்லவா?

2004 ஜூனில் அதுதான் நடந்தது. சாதாரணமான, நம்பிக்கையான இணையத்தளங்களுக்குள் நுழைந்த குற்றவாளிகள் அங்கே பொறி வைத்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மூலம் அத்தளங்களைப் பார்த்தவர்களின் கணினிகளில், தட்டச்சு செய்வதைக் களவாகக் குறித்தெடுக்கும் மென்பொருள் இறங்கியது. அப்போது அமெரிக்க அரசின் கணினி அவசர உதவிக் குழு, வேறு உலாவியைப் பயன்படுத்துவதும் ஒரு பாதுகாப்பு வழி என்று அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 9இல், மொசில்லா என்ற இலாப நோக்கற்ற அமைப்பு பயர்பொக்ஸ் உலாவியின் முதலாவது முழுமையான பதிப்பை இலவசமாக வெளியிட்டது. பலர் அதற்கு மாறினார்கள்.

2010 ஜனவரி 12இல் கூகுள் நிறுவனம் தன்மீது இணையத் தாக்குதல் நடந்ததாக அறிவித்தது. சீனாவின் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களின் மின்னஞ்சல்களைப் பார்ப்பதே தாக்கியவர்களின் முக்கிய நோக்கம் என்றும் அது கூறியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இருந்த ஓட்டை அதற்குப் பயன்படுத்தப்பட்டதை மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொண்டது. ஓட்டை அடைக்கப்படும் வரை வேறு உலாவியைப் பயன்படுத்துமாறு முதலில் ஜேர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகமும், பிறகு பிரான்ஸின் அலுவலகமும் மக்களுக்குச் சொல்லின. ஜனவரி 21இல் திருத்தம் வந்தது. 2012 செப்டெம்பரில் ஜேர்மனி மீண்டும் அதே ஆலோசனையைச் சொல்ல நேர்ந்தது. 2014 ஏப்ரல் 26இல் இன்னோர் ஓட்டை வெளியானது. இம்முறை அமெரிக்காவும் வேறு உலாவியை நாடுமாறு கேட்டது. மே 1இல் திருத்தம் வந்தது. கடைசியில் 2022 ஜூன் 15இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஓய்வுக்கு அனுப்பப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? "அது கெட்ட உலாவி, இது நல்ல உலாவி" என்பதல்ல. இன்று பலரும் பாவிக்கும் குரோமிலும் பயர்பொக்ஸிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஓட்டை தெரியவந்த நாளுக்கும் அது அடைக்கப்பட்ட நாளுக்கும் இடையில் எத்தனை நாட்கள் என்பதே கேள்வி. 2010இல் அது ஒரு வாரம். 2014இல் ஐந்து நாட்கள். அப்டேட் செய்யாத கணினிக்கோ அந்த நாட்கள் முடிவதே இல்லை.

இது நமது நாட்டு அரசாங்கத்துக்கும் நடந்தது. 2023இல் அரசாங்க மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்தின் மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. காலாவதியான மென்பொருள் தொடர்ந்து பாவிக்கப்பட்டதும், அந்தக் காலப்பகுதிக்கு மாற்றுப் பிரதி இல்லாததுமே இழப்புக்குக் காரணமாகின. பெரிய அலுவலகத்துக்கே இந்த நிலையென்றால் நமது சிறிய தொலைபேசியைப் பற்றி நாம் யோசிக்க வேண்டாமா?

மிச்சம் பிடித்த டேட்டாவின் விலை

நமது பெண்களில் பலர் கணினி வழியாக இணையத்துக்கு வந்தவர்கள் அல்லர். நேரே கைத்தொலைபேசிக்கு வந்தவர்கள். விலை குறைந்த தொலைபேசி, ஐம்பது ரூபாய் நூறு ரூபாய் ரீலோட். அந்த நிலையில் "டேட்டா குறைவாகச் செலவாகும்" என்று சொன்ன உலாவிகளே நமது வீடுகளுக்குள் வந்தன. யூ.சி. பிரவுசர் அவற்றில் ஒன்று. சீனாவின் அலிபாபா குழுமத்துக்குச் சொந்தமானது.

இவ்வகை உலாவிகள் எப்படி டேட்டாவை மிச்சம் பிடிக்கின்றன? நாம் கேட்கும் பக்கம் முதலில் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அங்கே சுருக்கப்பட்டு நமக்கு வருகிறது. வெளிநாட்டுக்குப் போகும் ஒருவரிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறோம். அவர் பாரம் குறைய வேண்டுமென்று உறையைப் பிரித்துச் சிறிய தாளில் திருப்பி எழுதிக்கொண்டு போகிறார். கடிதம் போய்ச் சேரும், ஆனால் அவர் அதை வாசித்துவிட்டார்.

2015 மே மாதத்தில் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் என்ற ஆய்வு நிறுவனம் யூ.சி. பிரவுசரைப் பரிசோதித்து அறிக்கை வெளியிட்டது. அதன் சீன மொழிப் பதிப்பு, தொலைபேசியின் அடையாள இலக்கங்களையும் இருப்பிட விபரங்களையும் போதிய பாதுகாப்பின்றி அனுப்புவதாகவும், ஆங்கிலப் பதிப்பிலும் பயனாளர் தேடும் சொற்கள் மறைகுறியாக்கப்படாமல் போவதாகவும் அது கண்டறிந்தது. மறைகுறியாக்கம் என்பது இடையில் இருப்பவர் வாசிக்க முடியாதபடி செய்திகளை மாற்றி அனுப்பும் முறை. அது இல்லையென்றால் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பியது போலத்தான். 2020 ஜூன் 29இல் இந்திய அரசாங்கம் தடைசெய்த 59 செயலிகளில் யூ.சி. பிரவுசரும் ஒன்றாகும். அந்தத் தடைக்குப் பின்னால் எல்லைப் பிரச்சினையும் அரசியலும் இருந்தன என்பது உண்மை. ஆனால் 2015ஆம் ஆண்டின் ஆய்வு அரசியல் அல்ல.

ஏழைப் பெண் டேட்டாவை மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும். அதைக் குறையாகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் என்ன கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தடை நாட்களில் நாம் செய்தது

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவை நமது மாவட்டத்தவர் மறக்கமாட்டார்கள். அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு பொய் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது மாத்திரையல்ல, மாவுப்பொருள்தான் என்று பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. மார்ச் மாதம் கண்டியில் வன்செயல் பரவியபோது, 7ஆம் திகதி அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் போன்றவற்றைத் தடைசெய்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகும் அத்தகைய தடை வந்தது.

அந்த நாட்களில் நமது பெண்களுக்கு என்ன பாடு! கணவர் கட்டாரில், மகள் குவைத்தில், ஊரில் ஊரடங்கு. "உசிரோட இருக்கம்" என்று ஒரு சொல் சொல்வதற்கு வழியில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து இலவச வி.பி.என். செயலி ஒன்றையோ, அந்த வசதியுள்ள வேறோர் உலாவியையோ போட்டுத் தந்தான். வட்ஸ்அப் திறந்தது, அழுதுகொண்டே பேசினோம். தடை நீங்கியது. ஆனால் அவசரத்தில் போட்ட செயலி பலரது தொலைபேசிகளில் அப்படியே இருந்துவிட்டது.

வி.பி.என். என்பது நமது இணையப் போக்குவரத்து முழுவதையும் வேறொருவரின் பாதையால் திருப்பி அனுப்புவது. பாதைக்குச் சொந்தக்காரர் நேர்மையானவர் என்றால் நல்லது. அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அன்ரொய்ட் தொலைபேசிகளுக்கான 283 வி.பி.என். செயலிகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் 38 வீதமானவற்றில் தீங்கான மென்பொருளின் அடையாளம் காணப்பட்டது. 18 வீதமானவை போக்குவரத்தை மறைகுறியாக்கவே இல்லை. அந்த நாட்களில் நாம் அதனைப் போட்டது தவறல்ல, வேறு வழியிருக்கவில்லை. தேவை முடிந்தபின் அதனை அகற்றாமல் விட்டதுதான் தவறு.

ஏன் மாற மறுக்கிறோம்?

எமது பெண்கள் நிலையத்தில் இருந்த இரண்டு கணினிகளில் பழைய உலாவியை நிறுத்திப் புதியதைப் போட்டபோது எதிர்ப்புத்தான் வந்தது. "அந்த நீல எழுத்தக் காணல்ல, இனி எப்பிடித் திறக்கிற?" என்றார் ஒருவர். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய ஒன்று கையைவிட்டுப் போவது நம்மைப் போன்றவர்களுக்குச் சின்ன விடயமல்ல. பலமுறை வீடு மாறியவர்களுக்கு எந்த மாற்றமும் பயம் தருவதே.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கூட்டமொன்றில் "உங்கட தொலைபேசியில் என்ன பிரவுசர் இருக்கு?" என்று கேட்டேன். பெரும்பாலானோர் சொன்ன பதில் ஒன்றே: "எனக்கென்ன தெரியும் மகள், மகன்தானே போட்டுத் தந்தான்." மகன், காக்கா, மச்சான், கடைக்காரத் தம்பி என்று யாரோ ஒரு ஆண் நமது தொலைபேசியைத் தயார்செய்து தருகிறார். கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியும். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த மச்சானோடு காணிப் பிணக்கு வந்தால்? தலாக் சொன்ன கணவருக்கும் அந்தக் கடவுச்சொல் தெரிந்திருந்தால்? நாம் என்ன தேடினோம், எந்தச் சட்டத்தரணிக்கு எழுதினோம் என்பதை உலாவியின் வரலாற்றுப் பகுதி அப்படியே காட்டிவிடும். வெளியாரிடமிருந்து மட்டுமல்ல, நெருக்கமானவர்களிடமிருந்தும் நமது பையைக் காக்க வேண்டிய நேரங்கள் பெண்களின் வாழ்வில் வருகின்றன.

எப்படி மாறுவது?

1. முதலில் உங்கள் தொலைபேசியில் என்னென்ன உலாவிகள் இருக்கின்றன என்று பாருங்கள். யார், எப்போது போட்டது என்று தெரியாத உலாவியோ வி.பி.என்.னோ இருந்தால் அதுவே முதலில் சந்தேகத்துக்குரியது.

2. புதிய உலாவியைத் தொலைபேசியின் உத்தியோகபூர்வ செயலிக் களஞ்சியத்திலிருந்து மட்டும் எடுங்கள். வட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் கோப்பிலிருந்து ஒருபோதும் போடவேண்டாம். பயர்பொக்ஸையும் குரோமையும் தமிழ் மொழியிலேயே பயன்படுத்தலாம்.

3. புதிய உலாவியைப் போட்டபின் முதலாவதாக மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஏனெனில் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான கடிதம் மின்னஞ்சலுக்கே வருகிறது. மின்னஞ்சல் யாரிடமோ, எல்லாம் அவரிடமே. அதன்பின் வங்கி, முகநூல் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். குறுஞ்செய்தி மூலம் வரும் இரண்டாம்நிலை உறுதிப்படுத்தலையும் போட்டு வையுங்கள். அந்த இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லவேண்டாம்.

4. பழைய உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் வரலாற்றையும் அழித்துவிட்டு, பின்னர் அதனை அகற்றுங்கள். அழிக்காமல் ஒதுக்கி வைப்பது, வீடு மாறும்போது பழைய வீட்டில் பெட்டியை விட்டுவருவது போன்றது.

5. புதிய உலாவியே இயல்பாகத் திறக்கும்படி அமைப்புகளில் தெரிவு செய்யுங்கள். இல்லையென்றால் வட்ஸ்அப்பில் வரும் இணைப்புகள் பழைய உலாவியிலேயே திறந்துகொண்டிருக்கும்.

6. மாதத்துக்கு ஒருமுறையாவது உலாவியை அப்டேட் செய்யுங்கள். டேட்டா போதாதென்றால் வைஃபை உள்ள இடத்தில் செய்யலாம். மிகப் பழைய தொலைபேசிகளுக்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். அப்படிப்பட்ட தொலைபேசியைப் பேசப் பயன்படுத்துங்கள், வங்கிக் கணக்கைத் திறக்கவேண்டாம்.

7. கடையிலோ பிறரது கணினியிலோ வேலை செய்ய நேர்ந்தால் தனிப்பட்ட யன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். குரோமில் அதனை 'இன்கொக்னிட்டோ' என்பார்கள். "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்றால் "வேண்டாம்". வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், யன்னலை மூடினால் மட்டும் போதாது. ஸ்கேன் செய்த கோப்புகளை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள், குப்பைக்கூடையிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பது அவமரியாதையல்ல. காசு கொடுத்து வாங்கும் சேவையில் அது உங்கள் உரிமை.

8. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் நல்லது என்று நினைக்கவேண்டாம். போகும் வழியில் யாரும் வாசிக்க முடியாது என்பதே அதன் பொருள். போய்ச்சேரும் இடம் கள்வனின் வீடாகவும் இருக்கலாம். பலரும் தவறாக விளங்கியதால் 2023இல் குரோம் அந்தப் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது. முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள்.

உலாவியை மாற்றினால் எல்லாம் சரியா?

இல்லை. பாதுகாப்பு வேறு, அந்தரங்கம் வேறு. குரோம் ஓட்டைகளை வேகமாக அடைக்கிறது. ஆனால் அதனை நடத்தும் கூகுள் விளம்பரத்தால் வாழும் நிறுவனம். நமது விருப்பு வெறுப்புகளை அறிந்துகொள்வது அதன் தொழில். அதேபோல, எவ்வளவு நல்ல உலாவி என்றாலும், "உங்களுக்கு லொத்தர் விழுந்திருக்கிறது" என்று வரும் செய்தியை நம்பி நாமே கணக்கு இலக்கத்தைக் கொடுத்தால் அது நம்மைக் காப்பாற்றாது. நல்ல பூட்டு வாங்குவதும் திறப்பைக் கண்டவனிடம் கொடுக்காமலிருப்பதும் இரண்டு வேலைகள்.

தவறு நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். ராத்தா அப்படித்தான் ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். 2006இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசர உதவிக் குழுவான ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்திடம் 101 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். படத்தைக் காட்டி மிரட்டுதல், வன்முறை போன்றவை என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிறரது கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். முறைப்பாடு செய்யப் போகும்போது வந்த செய்தியை அழிக்காமல், படமெடுத்து வைத்துக்கொண்டு போங்கள். தனியே போகத் தயக்கமென்றால் உங்கள் கிராமத்துப் பெண்கள் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ராத்தா இப்போது தன் தொலைபேசியைத் தானே அப்டேட் செய்கிறார். கடவுச்சொல்லைத் தானே தெரிவு செய்தார், மகளுக்கும் சொல்லவில்லை. சங்கக் கூட்டத்துக்குப் புதிதாக வரும் பெண்களிடம், "புள்ள, உன்ட போன எடு பாப்பம், ஆரு போட்டுத் தந்த இத?" என்று அவரே கேட்கிறார். கணவரைப் பற்றிய பதில் இன்னும் வரவில்லை. அந்தக் கடிதங்கள் பொலித்தீன் உறையிலும் இருக்கின்றன, புதிய கடவுச்சொல்லின் பின்னாலும் இருக்கின்றன.

சகோதரிகளே, நாம் எத்தனையோ இரவுகளில் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தவர்கள். அதைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு இதையும் காப்பாற்ற முடியும். இன்றிரவு வேலைகள் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் தொலைபேசியை ஒருமுறை திறந்து பாருங்கள்.